தண்டையார்பேட்டை மீன்தொட்டியில் பாசியும் பாஸ்பேட்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தண்டையார்பேட்டையில் ஓர் அடுக்குமாடி வீடு, இரண்டாவது மாடி. துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர், அவர் மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள், நண்பரின் அம்மா என்று நாலு பேர். கூடத்தில் மேற்குப் பக்க ஜன்னலை ஒட்டி மூன்றடி மீன்தொட்டி. 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். முழுக்க நிரப்பினால் 159 லிட்டர் பிடிக்கும். சரளையும் மேலே விட்ட இடமும் போக, உள்ளே இருப்பது ஏறக்குறைய 125 லிட்டர். கப்பி, மோலி, வாள்வால் மீன் எல்லாம் சேர்ந்து முப்பதுக்குப் பக்கம். செடி என்று பார்த்தால் ஒரு புதர் வாலிஸ்னேரியாவும், மரக்கட்டையில் கட்டிய ஜாவா ஃபெர்னும்தான். வடிகட்ட, காற்று பம்பில் ஓடும் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

மீன்கள் எல்லாம் கொளத்தூரில் வாங்கியவை. வடசென்னைக்காரர்களுக்கு வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தானே. ஏழு வருஷமாக இந்தத் தொட்டி நன்றாகவே ஓடியது. கப்பி குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. வாரம் ஒரு ஞாயிறு கால்வாசித் தண்ணீரை மாற்றுவார்கள். பெரிய கவனிப்பு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

2024 மாசிக் கடைசியில் கண்ணாடியில் பச்சைப் படலம் ஏற ஆரம்பித்தது. துடைத்தால் மூன்று நாளில் திரும்ப வந்தது. பங்குனியில் வாலிஸ்னேரியா இலைகளில் நூல் பாசி சடைசடையாகத் தொங்கியது. ஆனால் தண்ணீர் கலங்கவில்லை, தெளிவாகத்தான் இருந்தது.

நான் இருபது வருஷத்துக்கு மேல் மீன் வளர்க்கிறேன். நண்பர் என்னைக் கூப்பிட்டது ஏப்ரல் கடைசியில். அதற்கு முன் நடந்தவற்றை அவர் சொன்னபடி எழுதுகிறேன். பெயர் போடாமல் இதை எழுதுவதற்கு வீட்டில் எல்லோரிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நான் போவதற்கு முன் நடந்தது

முதலில் ஒரு கடையில் கேட்டிருக்கிறார். பாசி தின்னும் என்று ஒரு சக்கர் மீனும், ஒரு பாட்டில் பாசிக்கொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். சக்கர் மீன் கண்ணாடியில் இருந்த படலத்தைக் கொஞ்சம் வழித்தது, நூல் பாசியை அது தொடவே இல்லை. அது ஓர் அடிக்கு மேல் வளரக்கூடிய மீன். தின்பதற்கு ஏற்றபடி கழிவும் போடும், அந்தக் கழிவிலும் பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் உண்டு. (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிதாகிவிட்டது என்று சக்கர் மீனைக் கொண்டுபோய் ஏரியில் விடாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது. நம்மூர் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, இங்குள்ள மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.)

பாசிக்கொல்லியை ஊற்றிய மறுநாள் தொட்டியில் இருந்த நத்தைகள் செத்தன. அந்த மாதிரி மருந்துகள் பலவற்றில் இருப்பது தாமிரம். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது ஆகாது. நூல் பாசி வெளுத்து, பத்து நாளில் திரும்ப வந்தது.

அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று நாலு நாள் விளக்கை அணைத்து, தொட்டியை போர்வையால் மூடி வைத்தார். இருட்டடிப்பு தன்னளவில் தவறான முறை அல்ல. ஆனால் அவ்வளவு பாசியையும் கையால் எடுக்காமல் உள்ளேயே சாக விட்டதுதான் வினையானது. ஏப்ரல் வெயிலில் தொட்டி 31 டிகிரி இருந்திருக்கிறது. சூடான தண்ணீரில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைவு. செத்த பாசி அழுகும்போது மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், அம்மோனியாவையும் விடும். நாலாவது நாள் விடியற்காலையில் போர்வையை எடுத்தபோது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஐந்து கப்பியும் ஒரு வாள்வாலும் செத்துப்போயின. அந்தப் பெண் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை என்றார்கள். அந்த வாள்வால் குட்டியாக இருந்ததிலிருந்து அவள் வளர்த்தது.

செத்த பாசி தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த பாஸ்பேட்டையும் நைட்ரஜனையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. இரண்டு வாரத்தில் முன்பைவிட அடர்த்தியாகப் பாசி எழுந்தது.

முதல் நாள் பார்த்தது

ஏப்ரல் கடைசி வாரம், ஒரு மாலை நேரம். மூன்றரை மணியிலிருந்து ஐந்தரை வரை மேற்கு வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. எல்இடி விளக்கு காலை ஏழு மணிக்குப் போட்டால் இரவு சாப்பாடு வரைக்கும் எரிகிறது.

துளிச் சோதனை கிட்டில் பார்த்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்). பாஸ்பேட் 5 பிபிஎம். இங்கே நான் சொல்வதெல்லாம் பாஸ்பேட்டாகக் கணக்கிட்ட அளவு. சில கிட்டுகள் பாஸ்பரஸாகக் காட்டும், அந்த எண்ணை 3.07-ஆல் பெருக்கினால்தான் இதோடு ஒப்பிட முடியும்.

வெறும் பாஸ்பேட் 5 இருக்கிறது என்பதால் மட்டும் நான் பயப்படமாட்டேன். செடித்தொட்டி வைத்திருப்பவர்கள் செடிக்காகவே ஒன்று, இரண்டு பிபிஎம் பாஸ்பேட்டைப் போட்டு வைப்பார்கள், பாசி வராது. அங்கே செடி நெருக்கமாக இருக்கும், விளக்கும் அளவோடு எரியும். இங்கே செடி குறைவு, வெளிச்சம் அதிகம், பாஸ்பேட்டும் அதிகம். பாசிக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு உறுத்தியது வேறு. தொட்டிக்குள் பாஸ்பேட் வருவது பெரும்பாலும் தீனி வழியாக. அதே தீனிதான் நைட்ரேட்டையும் கொண்டுவருகிறது. 45 சதவீதம் புரதம் உள்ள தீனி என்றால், 6.25-ஆல் வகுத்தால் நைட்ரஜன் சுமார் 7 சதவீதம். பாஸ்பரஸ் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாற்றிக் கணக்குப் போட்டால், நைட்ரேட் பாஸ்பேட்டைப் போல ஏழு முதல் பத்து மடங்கு வர வேண்டும். இங்கே நாலே மடங்கு. செடியும் பாக்டீரியாவும் நைட்ரஜனை எடுத்திருக்கலாம் என்பதால் இது உறுதியான சான்று ஆகாது. ஆனாலும் பாஸ்பேட் மட்டும் தனியாக வேறு எங்கிருந்தோ வருகிறதோ என்ற சந்தேகம் அப்போதே வந்தது.

"என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டேன். "மெட்ரோ தண்ணிதான் அண்ணே. டிரம்ல புடிச்சு ஒரு நாள் வெச்சிருந்து ஊத்துறோம்" என்றார். குளியலறையில் இருந்த நீல டிரம்மைக் காட்டினார். அதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், பாஸ்பேட் கால் பிபிஎம்கூட இல்லை. சரி, தண்ணீரில் குற்றமில்லை என்று குறித்துக்கொண்டேன். அந்த முடிவு தவறு. ஆறு வாரம் அதனால் போனது.

எடுத்த முடிவுகள்

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது வேலை செய்யும்தான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போட்டால், குருணை நிறைந்தவுடன் பாஸ்பேட் பழைய இடத்துக்கு வந்துவிடும், காரணமும் கடைசிவரை தெரியாது. தொட்டியை மொத்தமாகக் காலிசெய்து கழுவிவிடலாம் என்று அவர் மனைவி சொன்னார். அதற்கும் நான் ஒப்பவில்லை. சரளையிலும் ஸ்பாஞ்சிலும் ஏழு வருஷமாக ஊறியிருக்கும் நல்ல பாக்டீரியா போய்விட்டால் அம்மோனியா ஏறி, இருக்கிற மீனும் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, இரண்டு வாரம் பொறுப்பது, ஞாயிறுதோறும் கிட்டில் பார்த்துக் குறிப்பது என்று முடிவுசெய்தோம். குறிக்கும் வேலையை அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். அவளுடைய நோட்டு இல்லாவிட்டால் இதை நான் எழுதியிருக்க முடியாது.

முதலில் வெளிச்சம். ஜன்னலுக்குத் தடித்த திரை, விளக்குக்கு டைமர், ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். நூல் பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி இழுத்து எடுத்தோம், முதல் நாளே ஒரு சொம்பு நிறைய வந்தது. இரண்டு வாரத்தில் பாசி வளரும் வேகம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. பாஸ்பேட் அதே 5.

அடுத்தது தீனி. மூன்று வேளையை ஒரு வேளையாக்கி, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தோம். உறைந்த இரத்தப்புழுவை வடிகட்டியில் போட்டு அலசிய பிறகே போட்டார்கள். இரண்டு வாரத்தில் நைட்ரேட் 20-க்கும் 10-க்கும் நடுவில் இறங்கியது. பாஸ்பேட் 5.

ஜூன் ஆரம்பத்தில் தண்ணீர் மாற்றுவதை இரட்டிப்பாக்கினோம். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் கால்வாசி. நாலு முறை அப்படி மாற்றினால் பழைய தண்ணீரில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்ச வேண்டும். இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்த்தேன். நைட்ரேட் 5-க்கு வந்துவிட்டது. பாஸ்பேட் 5-ஐத் தாண்டி, அடுத்த நிறமான 10-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே தண்ணீரைக் கொண்டு நீர்க்கச் செய்தால் இரண்டும்தான் குறைய வேண்டும். ஒன்று குறைந்து இன்னொன்று ஏறுகிறது என்றால், ஊற்றுகிற தண்ணீரிலேயே பாஸ்பேட் இருக்கிறது. அப்படியென்றால் நான் சோதித்த தண்ணீர் வேறு, தொட்டிக்குள் போகிற தண்ணீர் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு காலையிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். நண்பர் குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சி இறக்கினார், சரளையைக் கிளறினார், கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுபடி நிரப்பியது அவருடைய அம்மா. எப்போதும் அவர்தான் நிரப்புவாராம். நீல டிரம் பக்கம் அவர் போகவே இல்லை. சமையலறை மூலையில் இருந்த இரண்டு பச்சை வாளிகளிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு மெதுவாக ஊற்றினார், மீன் மிரளக்கூடாது என்று உள்ளங்கையில் பட்டு வழியும்படி.

"அது என்ன தண்ணிம்மா?" என்றேன்.

"ஆர்ஓ மிஷின்ல இருந்து வர்ற வேஸ்ட் தண்ணி தம்பி. அதை வீணாக்கலாமா?"

வீட்டு ஆர்ஓ இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீர் கொடுக்க மூன்று லிட்டருக்குப் பக்கம் வெளியே தள்ளும். அந்தக் கட்டடத்தில் குழாயில் வருவது போர்த் தண்ணீர். கடல் பக்கம் என்பதால் உப்பு, ஆர்ஓ இல்லாமல் குடிக்க முடியாது. கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் அம்மாவுக்கு 2019 கோடையில் வந்தது. புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். நடுராத்திரியில் குடத்தோடு லாரிக்கு நின்றவர் அவர். அதற்கப்புறம் மெட்ரோ தண்ணீரை மீன்தொட்டியில் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. மிஷின் வழியாக வருகிற தண்ணீர்தானே, சுத்தமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்திருக்கிறார். வெயிலில் வற்றுகிற தண்ணீருக்கு ஈடாகத் தினமும் ஊற்றுவதும் அதே வாளியிலிருந்துதான்.

நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் அம்மாவிடம் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டார். அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி: "அஞ்சு வருஷமா இதைத்தானே ஊத்துறேன்? அப்பல்லாம் வராத பாசி இப்ப எப்படி வரும்?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. வாளித் தண்ணீரைக் கிட்டில் பார்த்தேன். பாஸ்பேட் 1 பிபிஎம். டிரம் தண்ணீரைவிட அதிகம்தான். ஆனால் ஒரு பிபிஎம் தண்ணீரை ஊற்றி ஐந்து, ஆறு எப்படி வரும்? ஆவியாகி வற்றுவதைக் கணக்கில் சேர்த்தாலும் எட்டாது.

மூன்று பாட்டில்

2019-க்கும் 2024-க்கும் நடுவில் என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தீனி மாறவில்லை, விளக்கு மாறவில்லை. மனைவிக்குத்தான் ஞாபகம் வந்தது. தை மாதம் ஆர்ஓவில் மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) மாற்றும்போது, உப்பு படிந்து மெம்பிரேன் சீக்கிரம் போகிறது என்று சர்வீஸ் ஆள் புதிதாக ஒரு குப்பியைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே கண்ணாடிக் கோலி மாதிரி வெள்ளை உருண்டைகள். ஆன்டிஸ்கேலன்ட்.

அந்த உருண்டைகளில் பெரும்பாலானவை பாலிபாஸ்பேட்டால் ஆனவை. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, சுண்ணாம்பு உப்பு மெம்பிரேனில் ஒட்டாமல் தடுப்பது அவற்றின் வேலை. மெம்பிரேன் பாஸ்பேட்டைக் குடிநீர்ப் பக்கம் விடாது. அப்படியானால் கரைந்தது ஏறக்குறைய முழுவதும் கழிவுத் தண்ணீரில்தான் வந்து சேரும்.

கிட் ஏன் ஒன்று என்று காட்டியது என்பதும் இங்கே விளங்கியது. நாம் வாங்கும் கிட்டில் மாலிப்டேட் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்து நீல நிறம் தருவது தனித்தனியாக இருக்கும் ஆர்த்தோபாஸ்பேட் மட்டும். சங்கிலியாகக் கோத்திருக்கும் பாலிபாஸ்பேட் அதன் கண்ணில் படாது. ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டுக் கொதிக்கவைத்து, சங்கிலியை உடைத்த பிறகுதான் அளப்பார்கள். தொட்டிக்குள் அந்த உடைக்கும் வேலையை பாக்டீரியாக்கள் தங்கள் நொதிகளால் செய்துவிடுகின்றன.

வீட்டில் அமிலம் வைத்துக் கொதிக்கவைக்க நான் விரும்பவில்லை, சின்னப் பெண் இருக்கும் வீடு. அதனால் மூன்று பாட்டில் எடுத்துக்கொண்டோம். ஒன்றில் டிரம்மிலிருந்து ஒரு நாள் வைத்திருந்த மெட்ரோ தண்ணீரும் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்த சாற்றில் இரண்டு ஸ்பூனும். இரண்டாவதில் ஆர்ஓ கழிவுத் தண்ணீரும் அதே பிழிசாறு இரண்டு ஸ்பூனும். மூன்றாவதில் கழிவுத் தண்ணீர் மட்டும். பிழிசாற்றிலேயே பாஸ்பேட் இருக்கும் என்பதால் முதல் பாட்டில் அவசியம். மூடியைத் தளர்த்தி வைத்து, ஆறு நாள் கழித்துப் பார்த்தோம்.

முதல் பாட்டில் அரை பிபிஎம். மூன்றாவது, மாறாமல் ஒன்று. நடுப் பாட்டிலின் நீலத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் ஓடினாள். 5.

ஒரு வீட்டில் ஒரு முறை செய்த சோதனை இது, ஆய்வுக்கூடச் சான்று அல்ல. ஆனால் தை மாதம் குப்பி, மாசியில் பாசி, தண்ணீர் மாற்ற மாற்ற ஏறிய பாஸ்பேட் என்று எல்லாமே அதனோடு பொருந்தின. அம்மாவின் கேள்விக்கும் அதில் பதில் கிடைத்தது. ஐந்து வருஷம் அவர் ஊற்றியது வெறும் உப்புத் தண்ணீர். மோலிக்கும் கப்பிக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும், அதனால் ஒன்றும் ஆகவில்லை. குப்பி வந்த பிறகு அதே வாளியில் அவர் அறியாமல் பாசிக்கு உரமும் சேர்ந்துகொண்டது. இதை நண்பரை உட்கார வைத்து, அம்மா எதிரிலேயே விளக்கிச் சொன்னேன். அவர் மீது தவறில்லை என்பது அந்த வீட்டில் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்று நினைத்தேன்.

திருத்தம்

கழிவுத் தண்ணீரை நிறுத்துவது சுலபமான பகுதி. கக்கூஸுக்கும் வீடு துடைக்கவும் அது போகிறது, வீணாகவில்லை. தொட்டிக்கு இனி டிரம்மில் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் வைத்த மெட்ரோ தண்ணீர்.

ஆனால் உடனே பாதித் தண்ணீரை மாற்றிவிட முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை அன்றுதான் தொட்டியில் வைத்தேன், 1350. டிரம்மில் 420. ஐந்து வருஷமாக உப்பில் பழகிய மீனை ஒரே நாளில் மென்னீரில் விட்டால் உடம்பு தாங்காது, மோலிக்கு நடுக்கம் வந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்கு என்று முடிவுசெய்தோம். பத்து பத்து சதவீதமாக நாலு வாரத்தில் பதினான்கு முறை மாற்றினால் பழையது கால்வாசிக்கும் கீழே போக வேண்டும், 5 என்பது 1.1-க்குப் பக்கம் வர வேண்டும். நோட்டில் இருந்தது 2.

அந்த வித்தியாசம் சரளையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். மாதக்கணக்காக பாஸ்பேட் அதிகமாக இருந்த தொட்டியில், அடியில் படிந்த மண்டியிலும் சரளையிலும் அது தங்கிவிடும். மேலே குறையும்போது கீழேயிருந்து மெல்ல வெளியே வரும். ஐந்தாவது வாரத்திலிருந்து சரளையை மூன்று பாகமாகப் பிரித்து, வாரம் ஒரு பாகம் ஆழமாக உறிஞ்சினோம். மொத்தமாகச் செய்தால் மண்டி கிளம்பி அம்மோனியா ஏறிவிடும். முதல் பாகத்தில் வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. ஜன்னலில் இருந்த மணி பிளான்ட்டின் கொடி இரண்டை, இலை மேலேயும் வேர் தண்ணீரிலும் இருக்கும்படி தொட்டி விளிம்பில் மாட்டிவிட்டோம். வேர் வளர வளர நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்ளும்.

எட்டாவது வார முடிவில், ஆகஸ்ட் நடுவில், பாஸ்பேட் 1-க்கும் கீழே.

தொடர்ந்து நடந்தது

நூல் பாசி ஜூலை கடைசியிலேயே சோர்ந்துவிட்டது. பிரஷ்ஷில் இழுத்தால் கையோடு வந்தது, திரும்ப முளைக்கவில்லை. கண்ணாடியைத் துடைப்பது மூன்று நாளுக்கு ஒரு முறையிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறையானது. ஜாவா ஃபெர்னின் பழைய இலைகளில் கறுப்பாகப் படிந்தது போகவே இல்லை, வெட்டிவிட்டோம். புது இலைகள் சுத்தமாக வந்தன.

நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று, வாலிஸ்னேரியா கரைந்துபோனது. கடினத் தண்ணீரில் செழிக்கிற செடி அது. உப்பு குறைந்துகொண்டே வந்தபோது, மூன்றாவது வாரத்தில் இலைகள் கண்ணாடி போல ஆகி உதிர்ந்தன. உதிர்ந்ததை அன்றன்றே எடுக்காவிட்டால் அதுவும் அழுகி பாஸ்பேட்டைத் திருப்பிக் கொடுக்கும் என்பதால் அந்தப் பெண்ணும் பாட்டியும் தினமும் சாயங்காலம் வலையோடு உட்கார்ந்தார்கள். வேரைப் பிடுங்காமல் விட்டோம். செப்டம்பரில் மூன்று கன்று தலைகாட்டியது.

திருத்தம் நடந்த நாட்களில் மீன் எதுவும் சாகவில்லை. சக்கர் மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் சம்மதித்தார். ஆர்ஓவில் குப்பி அப்படியே இருக்கிறது, எடுக்கச் சொல்லவில்லை. மெம்பிரேனுக்கு அது நல்லது, குடிநீருக்கு அதனால் கெடுதல் வந்ததாக நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

வெளிச்சமா, பாஸ்பேட்டா, எது காரணம் என்று நண்பர் இன்னும் கேட்கிறார். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கணிப்பு. வெளிச்சத்தைக் குறைத்ததும் பாசி வேகம் குறைந்தது, ஆனால் போகவில்லை. பாஸ்பேட் இறங்கிய பிறகுதான் போனது. நடுவில் தீனியையும் குறைத்திருந்தோம், நைட்ரேட்டும் இறங்கியிருந்தது. ஆகவே இது இத்தனை பங்கு, அது இத்தனை பங்கு என்று இந்த ஒரு தொட்டியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி மாற்றிச் செய்வது

டிடிஎஸ் மீட்டர் முதல் நாளே என் பையில் இருந்தது. தொட்டியிலும் டிரம்மிலும் வைத்திருந்தால் 1350, 420 என்ற இரண்டு எண்ணும், இந்தத் தொட்டிக்கு அந்த டிரம்மிலிருந்து தண்ணீர் வரவில்லை என்பதைப் பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கும். ஆவியாவதால் கொஞ்சம் ஏறும், மூன்று மடங்கு ஏறாது. பாஸ்பேட் பிரச்சினை என்று கூப்பிட்டதால் பாஸ்பேட் கிட்டை மட்டுமே எடுத்தேன். இப்போது எந்தத் தொட்டிக்குப் போனாலும் முதலில் இரண்டு இடத்திலும் டிடிஎஸ் பார்க்கிறேன்.

இன்னொன்று, "என்ன தண்ணி ஊத்துறீங்க" என்று தொட்டியின் சொந்தக்காரரைக் கேட்டேன். ஊற்றுகிற கையைக் கேட்கவில்லை. அம்மா அன்று இரண்டடி தள்ளி, கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அதில் மறைக்க அவருக்கு எதுவும் இல்லை. இப்போதெல்லாம், தொட்டியில் ஊற்றும் சொம்பிலேயே எனக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறேன்.

வாளித் தண்ணீரில் 1 என்று வந்தபோது அதையும் கிட்டத்தட்டத் தள்ளிவிட்டேன். மெம்பிரேன், சாஃப்ட்னர், கீசர் என்று எதற்காவது உருண்டை மாட்டியிருக்கும் வீட்டில், கிட் காட்டும் எண்ணை அப்படியே எடுக்காமல் ஸ்பாஞ்ச் பிழிசாறு கலந்து ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. செலவு ஒன்றுமில்லை.

மார்கழியில் கடைசியாகப் போனேன். பாஸ்பேட் அரை பிபிஎம், நைட்ரேட் 10, டிடிஎஸ் 480. கப்பி குட்டிகள் மணி பிளான்ட் வேர்களுக்குள் ஒளிந்துகொண்டிருந்தன. பச்சை வாளிகளில் பேத்தி நெயில் பாலிஷால் "மீனுக்கு இல்லை" என்று எழுதியிருந்தாள். தொட்டியை நிரப்புவது இப்போதும் அம்மாதான், நீல டிரம்மிலிருந்து, உள்ளங்கையில் பட்டு வழியும்படி.